வீடு மகளுக்கு, காவலும் மகளுக்கு

கிழக்கிலங்கையின் மட்டக்களப்பு வாவியின் இரு பக்கத்திலும், எழுவான்கரையானாலும் படுவான்கரையானாலும், கலியாணம் முடிந்ததும் வீடு மாறுகிறவன் மாப்பிள்ளைதான். பெண் தன் தாய் இருக்கும் வளவிலேயே இருப்பாள். வீட்டின் உறுதி அவள் பெயருக்கு எழுதப்படும். ‘என்ன குடி (குலம்)?’ என்று கேட்டால் தமிழரும் சரி, முஸ்லிம்களும் சரி, தாயின் குடியைத்தான் சொல்வார்கள். தெற்கே அக்கரைப்பற்று, திருக்கோவில் வரைக்கும் இதுவே வழக்கம். கோயில் திருவிழாவில் எந்தக் குடிக்கு எந்த உரிமை, பள்ளிவாசல் நிர்வாகத்தில் எந்தக் குடிக்கு யார் மரைக்காயர் என்பதெல்லாம் தாய்வழியைப் பார்த்தே தீர்மானமாகி வந்தவை.

அதே வளவில் ஒரு பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் அன்றிலிருந்து காவலும் தொடங்கிவிடும். யாரோடு பேசினாள், எத்தனை மணிக்கு வந்தாள் என்று தாய் மட்டுமல்ல, ஒழுங்கை முழுவதும் கவனிக்கும். ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் அவளுக்குப் பின்னால் இருக்கும் தங்கைகளின் சம்பந்தமும் தட்டிப்போகலாம்.

வீடு பெண்ணுடையது, ஆனால் அவளுடைய ஆசையும் உடலும் ஊரின் கண்காணிப்பில். மனிதரின் பாலியல் வாழ்வைப் பற்றி 1861இலிருந்து சமூக அறிவியல் முன்வைத்த பெரிய கோட்பாடுகளில் பல, இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து விளக்கச் சொன்னால் தடுமாறுகின்றன. எது எங்கே தடுமாறுகிறது என்று பார்த்தால் பாலியல் ஒழுக்கம் எதன் மேல் நிற்கிறது என்பது கொஞ்சம் தெளிவாகும்.

தாயுரிமை என்ற ஏணி

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துச் சட்ட அறிஞர் பாஹோபன் 1861இல் ‘தாயுரிமை’ என்ற நூலை வெளியிட்டார். ஆதியில் மனிதர் வரைமுறையில்லாமல் கூடி வாழ்ந்தார்கள். தகப்பன் யாரென்று தெரியாததால் பிள்ளை தாயின் வழியில் அறியப்பட்டது. பிறகு பெண்கள் கை ஓங்கியது. கடைசியில் தந்தை ஆட்சி வந்தது என்பது அவர் கணிப்பு. கிரேக்க, உரோமப் புராணக் கதைகள்தான் அவருக்குச் சான்று. அமெரிக்காவின் இரொக்குவா மக்களிடையே தாய்வழிக் குலங்களை நேரில் கண்ட லூயிஸ் ஹென்றி மோர்கன், 1877இல் எழுதிய ‘பண்டைய சமூகம்’ நூலில் மனித குலம் முழுவதையும் படிப்படியாக ஏறும் ஓர் ஏணியில் நிறுத்தினார்.

மோர்கனைப் படித்த எங்கெல்ஸ், குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம் பற்றி 1884இல் எழுதிய நூலில் அந்த ஏணிக்கு ஒரு காரணம் கொடுத்தார். மந்தையும் பொருளும் ஆண் கையில் சேர்ந்தன. சேர்ந்ததைத் தன் பிள்ளைக்கே கொடுக்க விரும்பினான். அது தன் பிள்ளைதான் என்று உறுதியாகத் தெரிய வேண்டும். அதனால் மனைவிக்கு மட்டும் கற்பு விதியானது. பாலியல் ஒழுக்கத்தைச் சாமி கொடுத்த கட்டளையாகவோ இயற்கையின் நியதியாகவோ பார்த்துவந்த காலத்தில், அதைச் சொத்தோடு முடிச்சுப் போட்டது பெரிய பாய்ச்சல்.

ஆனால் வாவிக்கரையில் அந்தக் கணக்கு சரிவருவதில்லை. பிள்ளையின் குடி தாயிடமிருந்து வருவதால் குடிக்கு ஆள் சேர்க்கத் தகப்பன் யாரென்ற நிச்சயம் தேவையே இல்லை. எங்கெல்சின் தர்க்கப்படி இங்கே கற்பை வற்புறுத்தக் காரணம் இருக்கக் கூடாது. வற்புறுத்தல் இருக்கிறது, அதுவும் கடுமையாக. இன்னொன்று: இது ஏணியின் அடிப்படியில் நின்றுவிட்ட சமூகமும் அல்ல. வயலும் குளமும் வன்னிமைகளும் (வட்டாரத் தலைவர்களின் ஆட்சிகளும்) சாதிப் படிநிலையும் பெரிய கோயில்களும் கொண்ட வேளாண்மைச் சமூகம் தாய்வழியை நூற்றாண்டுகளாக வைத்திருக்கிறது.

இரண்டு வாவிகள்

இன்றைய பப்புவா நியூகினியில் உள்ள ட்ரோப்ரியாண்ட் தீவுகளிலும் ஒரு வாவி உண்டு. போலந்துக்காரரான மலினோவ்ஸ்கி 1915க்கும் 1918க்கும் இடையில் அங்கே தங்கி, அவர்கள் பேச்சைக் கற்று, அவர்கள் வாழ்வைப் பதிவு செய்தார். அதுவும் தாய்வழிச் சமூகம். அங்கே இளவட்டங்கள் கலியாணத்துக்கு முன்பே கூடிப் பழகுவதற்கென்று தனி வீடுகள் இருந்தன. அதை யாரும் குற்றமாக எண்ணவில்லை. 1929இல் அவர் வெளியிட்ட நூல் ஐரோப்பாவைத் திடுக்கிட வைத்தது.

இரண்டு வாவிகள், இரண்டு இடத்திலும் தாய்வழி. ஓரிடத்தில் கன்னிப் பருவத்துக்கு முழுச் சுதந்திரம், மற்றதில் முழுக் காவல். பிள்ளை யார் வழியில் எண்ணப்படுகிறது என்பதை வைத்துப் பாலியல் ஒழுக்கத்தை ஊகிக்க முடியாது என்பதற்கு இந்த ஒப்பீடே போதும்.

மலினோவ்ஸ்கிக்கு இன்னொரு வழக்கு பிராய்டோடு இருந்தது. மகனுக்குத் தாய் மேல் ஆசையும் தகப்பன் மேல் பகையும் மனிதர் எல்லோருக்கும் பொது என்றார் பிராய்ட். ட்ரோப்ரியாண்டில் பிள்ளையைக் கண்டித்து வளர்ப்பவர் தாய்மாமன். தகப்பன் கொஞ்சி விளையாடுபவர். அங்கே அந்த மனச்சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது என்று 1927இல் மலினோவ்ஸ்கி வாதிட்டார். அடிமனத்து ஆசைகூடக் குடும்பத்தின் அமைப்பைப் பொறுத்தது என்ற எண்ணம் அப்போதுதான் வலுப்பெற்றது.

பிராய்டின் கோட்பாடு இலங்கையின் கண்ணகி வழிபாட்டுக்கும் பொருத்திப் பார்க்கப்பட்டது. கிழக்கில் கொம்புமுறி என்றொரு விளையாட்டுச் சடங்கு உண்டு. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வளைந்த இரு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கோத்து, வடம் கட்டி, இரு பக்கமும் இழுப்பார்கள். ஒன்று முறியும்வரை விடமாட்டார்கள். முறிந்த பக்கத்துக்கு வசைப்பாட்டு விழும். மற்ற நாளில் வாயில் எடுக்கக் கூசும் பேச்சும் அன்றைக்குச் செல்லும். சிங்களவரிடம் இதே சடங்கு ‘அங்கெலிய’ என்ற பெயரில், பத்தினித் தெய்வமாக அவர்கள் வணங்கும் கண்ணகிக்காக நடக்கிறது. மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1984இல் பத்தினி வழிபாட்டைப் பற்றி எழுதிய பெருநூலில், இதை ஆண்மை இழப்பு பற்றிய அச்சத்தின் வெளிப்பாடாக உளப்பகுப்பாய்வு முறையில் வாசித்தார். கற்புத் தெய்வத்தின் சடங்கில் ஏன் இவ்வளவு ஆபாசமும் சிரிப்பும் என்ற கேள்விக்கு அந்த வாசிப்பு ஒரு பதில் தருகிறது. ஆனால் நம்முடைய கேள்வி வேறு: தாய்வழிப் பெண்ணுக்கு ஏன் காவல்? அதற்குக் கனவையும் அச்சத்தையும் விட்டு வளவுக்குள் வர வேண்டும்.

இரத்தமா, சூடா?

1949இல் லெவி ஸ்ட்ரோஸ் உறவுமுறையின் அடிப்படை அமைப்புகளை ஆராய்ந்து, கலியாணம் என்பது கூட்டங்களுக்கிடையே ஆண்கள் பெண்களைப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு என்றார். சொந்தத்துக்குள் கூடாது என்ற விலக்கு, வெளியே கொடுத்து வாங்க வைப்பதற்கே என்பது அவர் வாதம். வாவிக்கரையில் இதன் பாதி அப்படியே பொருந்தும். ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகள் கூடப்பிறந்தவர்கள். மாமா மகளும் மாமி மகளும் மச்சாள், முறைப்பெண். மற்றப் பாதிதான் இடறுகிறது: இங்கே பெண் எங்கும் போவதில்லை, கைமாறுகிறவன் ஆண். பெண்களைப் பண்டமாகப் பரிமாறும் இந்த ஏற்பாட்டில்தான் பெண்ணடிமையின் வேர் இருக்கிறது என்று 1975இல் கேல் ரூபின் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்கும் வாவிக்கரை ஒரு சங்கடத்தைத் தருகிறது. இடம் மாறாத பெண்ணும் காவலுக்குள்தானே இருக்கிறாள்!

இலங்கையையும் மலபாரையும் ஒன்றாக வைத்துப் பதில் தேடியவர் துருக்கியில் பிறந்த மானிடவியலாளர் நூர் யல்மன். சாதியின் தூய்மை பெண் வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. ஆணுக்கு ஏற்படும் தீட்டு குளித்தால் போகும், பெண்ணுக்கு ஏற்படும் தீட்டு உள்ளே தங்கும் என்று நம்பப்படுகிறது. ஆகவேதான் பூப்புச் சடங்கும் கன்னிக் காவலும் என்று அவர் 1963இல் எழுதினார். நாயர் பெண்களின் தாலிகெட்டுக் கலியாணமும் சிங்கள, தமிழ்ப் பெண்களின் பூப்புச் சடங்கும் ஒரே காரியத்தைச் செய்கின்றன என்பது அவர் கருத்து.

1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்த அமெரிக்க ஆய்வாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை அருகிருந்து சோதித்தார். பிறகு பல பத்தாண்டுகள் அதே ஊருக்குத் திரும்பத் திரும்ப வந்தார். அவருடைய பெரிய நூல் 2008இல் வெளியானது. சாதியின் ஏற்றத்தாழ்வைப் பேசும்போது அங்குள்ளவர்கள் இரத்தத் தூய்மையை முன்னிறுத்தவில்லை என்று அவர் கண்டார். கோயிலில் யாருக்கு என்ன மரியாதை, வன்னிமைக் காலத்திலிருந்து யாருக்கு என்ன உரிமை என்பதே அவர்கள் பேச்சு. உடலையும் பாலுறவையும் பற்றிப் பேசினால் தீட்டைவிட அதிகமாக வந்தது சூடும் குளிர்ச்சியும்.

சாமத்தியச் சடங்கை, அதாவது பூப்புச் சடங்கைப் பார்த்தாலே இது புரியும். முதலில் குப்பைத்தண்ணி வார்ப்பு. பிறகு ஒரு மூலையில் தனியே இருத்தல். பெண்ணின் உடுப்பை எடுத்துப் போய் வெளுத்துத் தருவது கட்டாடி (சலவைத் தொழிலாளி) வீட்டுப் பெண்ணின் உரிமை. நல்லெண்ணெய், முட்டை, உளுந்து என்று உடம்புக்கு வலுவேற்றும் சாப்பாடு. தண்ணீர் வார்க்கும் நாளில் குரவை எழும். முஸ்லிம் வீடுகளிலும் இந்தச் சடங்கு இருந்தது. சாதித் தீட்டு என்ற கருத்து இல்லாத இடத்திலும் அது இருந்தது என்பது யல்மனின் விளக்கத்துக்கு எதிரான சான்று. இங்கே பெண்ணின் பருவம் அசுத்தமாக மட்டும் பார்க்கப்படவில்லை. ஒரு சூடாக, ஆற்றலாகவும் பார்க்கப்பட்டது. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களின் சடங்கு குளிர்த்தியோடு முடிவதும் இதே எண்ணம்தான். மதுரையை எரித்த பத்தினியின் வெம்மையைத் தணித்தால்தான் ஊருக்கு மழையும் விளைச்சலும்.

ஆனால் சூடு என்பது அந்தச் சமூகம் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் விளக்கம். சூட்டைத் தணிக்க வேண்டிய அவசரம் கன்னிப் பருவத்தில் ஏன் இவ்வளவு? கலியாணச் சந்தைக்குள் போகாமல் இதற்குப் பதில் கிடைக்காது.

சொத்துப் போகும் வழி

யாழ்ப்பாண வேர்கொண்ட மானிடவியலாளர் எஸ். ஜே. தம்பையாவும் ஆங்கிலேயரான ஜாக் கூடியும் 1973இல் சேர்ந்து ஒரு நூல் எழுதினார்கள். ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் பெண்ணுக்காக மாப்பிள்ளை வீடு பொருள் கொடுக்கிறது; ஆசியாவிலும் பழைய ஐரோப்பாவிலும் பொருள் பெண்ணோடு போகிறது. இந்த இரண்டும் வேறு வேறு சமூகங்களை உருவாக்குகின்றன என்றார்கள். 1976இல் கூடி நூற்றுக்கணக்கான சமூகங்களின் தரவுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். மகளுக்கும் சொத்துப் போகும் இடங்களில்தான் கலியாணத்துக்கு முந்திய உறவுக்குத் தடை கூடுதல். 1991இல் அலிஸ் ஷ்லேகல் இதை இன்னும் கூர்மையாக்கினார்: சீதனத்தோடு மகளைக் கொடுக்கும் குடும்பம், அந்தச் சொத்துக்கு ஆசைப்பட்டு அவளை மயக்கித் தனதாக்கிக்கொள்ளும் தகுதியற்றவனுக்கு அஞ்சுகிறது, கன்னிமைக்கு விலை ஏறுவது அங்கேதான்.

இதை மனதில் வைத்து ஒரு வளவைப் பாருங்கள். மூத்த மகளுக்குக் கலியாணம் ஆகிறது. மாப்பிள்ளை வந்து சேருகிறார். கொஞ்சக் காலம் எல்லோரும் ஒரே வீட்டில். பிறகு தாயும் தகப்பனும் கலியாணமாகாத பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, பக்கத்தில் கட்டிய புதிய வீட்டுக்குப் போய்விடுவார்கள். பழைய வீடு மூத்தவளுக்கு. அடுத்தவளுக்குக் கலியாணம் என்றால் இன்னொரு வீடு. இப்படியே அக்கா தங்கைகள் அடுத்தடுத்த வளவுகளில் குடியிருப்பார்கள். ஆண்பிள்ளைகளோ? தங்கைக்கு வீடு எழும்பும்வரை தன் கலியாணத்தை ஒத்திவைத்து உழைப்பான் அண்ணன். கொத்து வேலையும் வயலும், பிற்காலத்தில் மத்திய கிழக்குச் சம்பளமும் இந்தச் சுவர்களுக்குள்தான் போகின்றன. முஸ்லிம் வீடுகளில் கைக்கூலி என்ற ரொக்கமும் சேரும். இஸ்லாமிய வாரிசுச் சட்டம் மகனுக்கு இரட்டைப் பங்கு சொன்னாலும், தாயும் தகப்பனும் உயிரோடு இருக்கும்போதே வீட்டை மகளுக்குக் கொடுத்துவிடுவதால் பெரிய சொத்து பங்கீட்டுக்கு வருமுன்பே கைமாறிவிடுகிறது.

அதாவது குடும்பத்தின் முழு உழைப்பும் மகளின் கலியாணம் என்ற ஒரே வாசல் வழியாகப் போகிறது. வாசல் பெரிதாக இருப்பதால்தான் காவலும் பெரிது. ட்ரோப்ரியாண்டில் பெண்ணோடு வீடோ வயலோ கைமாறுவதில்லை. யாரோடு பழகினாலும் குடும்பம் இழப்பதற்கு ஒன்றுமில்லை. இரண்டு வாவிகளின் வேறுபாட்டைத் தாய்வழி விளக்கவில்லை, சீதனம் விளக்குகிறது. எங்கெல்ஸ் சொத்தைப் பிடித்தது சரி. அது ஆணிடம் இருந்தால்தான் பெண்ணைக் கட்டிப்போடும் என்று எண்ணியதுதான் பிசகு.

இந்த விளக்கத்துக்கும் ஓட்டை உண்டு. கொடுக்க வீடே இல்லாத ஏழைக் குடும்பமும் மகளைக் காவல் காக்கிறது. இருப்பவர்களின் ஒழுக்கம் ஊருக்கே மரியாதையின் அளவுகோலாகிவிட்டபின், சொத்து இல்லாதவர்களுக்கு மகளின் ‘நல்ல பெயர்’ ஒன்றே சீதனமாகிவிடுகிறது.

இந்த ஏற்பாடு ஆதிகாலத்திலிருந்து அப்படியே வந்ததும் அல்ல. முக்குவர் சட்டம் என்று அறியப்பட்ட பழைய வழக்கில், முதுசொம் என்ற பரம்பரைச் சொத்து தாய்மாமனிடமிருந்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. 1876இல் கிறிஸ்டோபர் பிரிட்டோ அந்தச் சட்டத்தைத் தொகுத்து வெளியிட்டார். அதே ஆண்டில் பிரித்தானிய அரசு கொண்டுவந்த 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அதன் காலை வாரிவிட்டது. மாமன் வழிச் சொத்து தேய, தாயிடமிருந்து மகளுக்குப் போகும் சீதனம் பெருத்தது என்பது மக்கில்வ்ரேயின் முடிவு.

கோவையும் படிவமும்

சொத்தை விட்டு ஆசைக்கே வந்தால், பாலுறவு அடக்கிவைக்கப்பட்ட ஓர் இயற்கை வேகம், அதைத் திறந்துவிட்டால் விடுதலை என்பது பிராய்டுக்குப் பின் பரவிய எண்ணம். 1973இல் அமெரிக்கச் சமூகவியலாளர்கள் கேக்னனும் சைமனும் இதை மறுத்தார்கள்: ஆசை எங்கே, யாரோடு, எப்படி என்பதைச் சமூகமே கற்றுக்கொடுக்கிறது. 1976இல் மிஷேல் பூக்கோ இன்னும் ஒரு படி போனார்: நவீன அரசும் மருத்துவமும் சட்டமும் பாலியலைப் பற்றிப் பேச மறுக்கவில்லை, ஓயாமல் பேசின, பேசிப் பேசியே வகைகளை உண்டாக்கின.

இலங்கையில் அதற்குச் சான்று 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவை. அதன் 365ஆம், 365அ பிரிவுகள் ‘இயற்கைக்கு மாறான’ உறவையும் ஆண்களுக்கிடையிலான நெருக்கத்தையும் குற்றமாக்கின. வாவிக்கரையின் குடி வழக்கம் யார் யாரைக் கட்டலாம் என்று நுணுக்கமாகச் சொன்னது. இன்ன வகை மனிதரே குற்றவாளி என்ற பிரிவு லண்டன் ஒழுக்கத்திலிருந்து வந்தது. 1995இல் திருத்தியபோது சட்டம் தளரவில்லை, பெண்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது. 2023 மே மாதத்தில், இவற்றை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று உயர் நீதிமன்றம் கூறியது. 2024இல் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றாமலேயே கலைந்தது.

பூக்கோ சொன்ன அதிகாரம் படுக்கையறையைவிடப் பிரதேச செயலகத்தில்தான் இங்கே கண்ணுக்குத் தெரியும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், உரியவர் வாரிசு குறிப்பிடாமல் இறந்தால் அரச காணி மகளுக்கு முன் மகனுக்கு என்று வரிசை போட்டது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் போன்றவற்றில் குடியேறிய ஊர்களுக்கு அந்த வரிசைதான் சட்டமாக இருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் இது கரையோரத்துக்கும் வந்தது. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று அரசு முதலில் அறிவித்தது. தாய்வழியாக வந்த வளவை இழந்த பெண்களுக்கு வேறிடத்தில் அரச காணியில் வீடு கிடைத்தது; படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்ற இடத்தில் பலருக்குக் கணவனின் பெயர் ஏறியது. தலைமுறை தலைமுறையாகப் பெண் பெயரில் இருந்த வீடு ஒரே கையெழுத்தில் ஆணுக்குப் போனது. குடும்பத்துக்குத் தலைவன் ஆண்தான் என்று எந்த அதிகாரியும் வாதாடத் தேவைப்படவில்லை, படிவமே சொல்லிவிட்டது.

உறுதி மட்டும் போதுமா?

அப்படியானால் வீட்டைப் பெண் பெயரில் வைத்திருந்தாலே விடுதலையா? கிழக்கில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களை ஆராய்ந்த காஞ்சனா ருவன்புர 2006இல் வெளியிட்ட நூலில் அந்த நம்பிக்கையைக் கலைத்தார். போரில் கணவனை இழந்த பெண்ணுக்குத் தாய்வழி வீடு உண்மையிலேயே ஒரு பிடிமானம்: யாரும் இறக்கிவிட முடியாது, பக்கத்து வளவில் அக்கா இருக்கிறாள். ஆனால் அவள் தனியே சந்தைக்குப் போனாலும், வேலை தேடினாலும், மறுமணம் நினைத்தாலும் ஊர் வாய் விடுவதில்லை. சொத்துரிமையும் பாலியல் சுதந்திரமும் சேர்ந்தே வரும் என்ற எதிர்பார்ப்பு இங்கேயும் பலிக்கவில்லை. 1990களிலிருந்து மட்டக்களப்பில் இயங்கும் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் வன்முறையையும் வாழ்வாதாரத்தையும் ஒன்றாகவே எடுத்துப் பேசிவருவது இதனால்தான்; ஒன்றைத் தீர்த்தால் மற்றது தானாகத் தீராது என்று அந்தப் பெண்கள் அனுபவத்தில் அறிவார்கள்.

அரச காணியில் மகனுக்கு இருந்த முன்னுரிமை 2022இல் வந்த திருத்தத்தோடு நீங்கியது. 87 ஆண்டு அநீதியை ஒரு சட்டத் திருத்தத்தால் நீக்க முடிந்தது. காவல் அப்படி ஒரு நாளில் நீங்காது. ஒரு பிள்ளையின் பெயர் கெட்டால் தங்கையின் கலியாணமும் அண்ணனின் பத்து வருட உழைப்பும் சேர்ந்து கெடும் என்ற கணக்கு இருக்கும்வரை, எந்தத் தாயும் வாசலில் கண் வைக்கத்தான் செய்வாள். கலியாணத்துக்குக் காத்திராமல் மகளுக்கு அவள் பங்கைக் கொடுப்பதும், சொந்தச் சம்பளத்தில் அவள் நிற்பதுமே அந்தக் கணக்கை மாற்றும். நூற்றறுபது ஆண்டுக் கோட்பாடுகளில் வாவிக்கரைக்கு இன்றைக்கு உதவுவது, சொத்து எந்த வழியில் போகிறது என்று பார்க்கச் சொன்ன இந்த ஒன்றுதான்.